கலப்பற்றுப் போட்ட டிப்ளோமா

கண்ணாடிக்குள் போகிறவர்கள் எல்லாரும் செத்துப்போவார்கள் என்று நான் நம்பியிருந்தேன்.

சிரிக்கலாம். நானும் சிரித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மயிலிட்டியில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் நம்பியிருப்பீர்கள். அங்கே கண்ணாடி போட்டு மாட்டியிருந்தவர்கள் அப்பாவின் அப்பா, அவருடைய தமையன், அம்மாவின் தங்கை ஒருத்தி, நான் பிறக்கமுன்னரே போய்விட்ட ஒரு மாமா. எல்லாரும் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தார்கள். உயிரோடு இருக்கிற ஒருவர்கூட அந்தச் சுவரில் இல்லை. முருகனும் பிள்ளையாரும் இருந்தார்கள்தான், ஆனால் அவர்கள் கலண்டரில், வெறும் ஆணியில், காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். கடவுள்மார்கூடக் கண்ணாடிக்குள் போகச் சம்மதிக்கவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வராது. இந்தக் கணக்கு மட்டும் நன்றாக வந்தது.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், போன மாதம் மகளின் பட்டச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட ஒரு கடைக்குப் போனேன். கடையில் நின்ற பெடியன் சட்டம் கறுப்பா, மண்ணிறமா என்று கேட்டான். ஒரு சாதாரணக் கேள்வி. நானோ, "தம்பி, உள்ளுக்கை காத்துப் போறதுக்கு வழி விடுவியோ?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தான். முட்டு வருத்தக்காரன், மூச்சிழுப்பு உள்ளவன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். என் வயதுக்காரரே, மூக்குக்கண்ணாடி இல்லாமல் மருந்துப் போத்தலின் பெயர் வாசிக்கத் தெரியாத என் கூட்டாளிகளே, நான் ஏன் அந்தக் கதிரையில் போய் இருந்தேன் என்பதை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் பஸ்ஸில் போய்ப் படித்து மனையியல் டிப்ளோமா எடுத்தாள். எங்கள் ஒழுங்கையில் ஆணோ பெண்ணோ அப்படி ஒரு கடதாசி வாங்கியது அதுவே முதல் தடவை. தடித்த கடதாசி. மேலே வளைந்த எழுத்து, கீழே கையெழுத்துகள், ஓரத்தில் அக்காவின் முகப்படம் ஒட்டியிருந்தது. பாதி படத்திலும் பாதி கடதாசியிலும் விழும்படி ஊதா நிறத்தில் வட்ட முத்திரை குத்தியிருந்தார்கள். இந்த முத்திரையை நினைவில் வைத்திருங்கள்.

படத்தில் அக்கா சிரிக்காமல் இருந்தாள். இரட்டைப் பின்னல், நெற்றியில் பொட்டு, கழுத்து வரைக்கும் பூட்டிய சட்டை. வீட்டில் ஒரு நிமிடம் வாய் மூடாதவள் அதில் வாயை இறுக்கி வைத்திருந்தாள். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவள் அந்தச் சான்றிதழை "பிள்ளையின்ரை படம்" என்றுதான் சொல்வாள். யார் வந்தாலும் "பிள்ளையின்ரை படத்தைப் பாத்தனிங்களோ?" என்று கேட்பாள்.

அப்பா அதை வெற்றிலைத் தட்டத்தில் வைத்துப் பார்த்தார். சுவாமி அறையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "உதைக் கண்ணாடி போட்டு வைக்க வேணும்" என்றார்.

நான் விறாந்தைக்கு ஓடிப்போய்ச் சுவரில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன்.

அப்பா சான்றிதழைச் சேலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டினத்துக்குப் போனபோது நானும் அழுது பிடித்துக் கூடப் போனேன். வழியில் எப்படியாவது மனதை மாற்றிவிடலாம் என்ற நினைப்பு. பஸ்ஸில் அவருக்கு ஆயிரம் உபாயம் சொன்னேன். மடித்துப் பெட்டியில் வைக்கலாம். சுருட்டிக் குழலில் போடலாம். அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில் வைக்கலாம். அப்பா யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் "ஓம்" என்ன விலைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

படம் கட்டும் கடைக்காரர் சான்றிதழை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அக்காவைப் புகழ்ந்தார். அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கடைக்காரர் வியாபாரி. வாடிக்கையாளரின் நெஞ்சு நிமிர்ந்தால் அவர் விடமாட்டார். மகளின் படத்துக்குப் பக்கத்தில் தகப்பனின் படத்தையும் மாட்டினால் எவ்வளவு வடிவாக இருக்கும், ஒரு படம் தந்தால் சோடியாகக் கட்டித் தருகிறேன் என்றார்.

அப்பா பெரிதாகச் சிரித்தார். "என்னை ஏன் இப்பவே கண்ணாடிக்குள்ளை போடுறியள்? நான் செத்தாப்பிறகு பிள்ளையள் போடுவினம்."

கடைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் சந்தேகம் அன்றுதான் சட்டமானது. அப்பாவே தன் வாயால் சொல்லிவிட்டார். தான் மட்டும் கண்ணாடிக்குள் போக மாட்டாராம். அக்காவை அனுப்புவாராம்.

அப்பா படமே எடுக்காத மனிதர். கலியாணப் படத்தில்கூட அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தோள் மட்டும் தெரியும், எடுக்கிற நேரத்தில் விலகிவிட்டார். கடலுக்குப் போகிறவன் தன் உருவத்தைக் கரையில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அவருக்கு ஓர் எண்ணம். அதைக் கடைக்காரருக்கு விளங்கப்படுத்தாமல் பகிடியாகக் கழித்துவிட்டார். விளங்கப்படுத்தியிருந்தால் நானும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கடைக்காரர் ஒழுங்காகத்தான் கட்டித் தந்தார். மரச் சட்டம், கண்ணாடி, பின்னால் மட்டை, சுற்றிவரச் சின்ன ஆணிகள். வேறு எந்த வீட்டிலும் அது அப்படியே சுவருக்குப் போயிருக்கும். ஆனால் அது வாடைக் காலம். கடல் மூசிக்கொண்டிருந்தது, வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறியிருந்தன. கடலுக்குப் போக முடியாத கடலோடி வீட்டில் இருந்தால் எதையாவது திருத்தத் தொடங்குவான். அப்பா முதலில் கூரையைத் திருத்தினார். பிறகு கிணற்றுக் கப்பியைத் திருத்தினார். பிறகு என் தலைமயிரைத் திருத்தினார், அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. கடைசியில் அவர் கண் டிப்ளோமாவில் விழுந்தது.

சட்டத்தைத் திருப்பிப் பார்த்து, மட்டைக்கும் மரத்துக்கும் இடையில் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் போனது. "பட்டினத்துக்கு உது காணும். எங்கடை உப்புக்காத்துக்கு உது ஒரு மாரி தாங்காது" என்றார். சொல்லிவிட்டுத் தோணிக்குக் கலப்பற்றுப் போடும் சாமான்களை எடுத்து வந்தார்.

கலப்பற்று என்பது பலகைத் தோணியின் நீக்கல்களை அடைக்கிற வேலை. பஞ்சை முறுக்கித் திரியாக்கி, பலகைகளுக்கு இடையில் உளியால் அடித்து இறக்குவார்கள். மேலே குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். காய்ந்தால் கல்லுத்தான். அப்பா போட்ட கலப்பற்று ஒழுகியது என்று அந்தக் கரையில் ஒருவரும் சொன்னது கிடையாது. அவர் செய்ததில் மிகச் சிறந்தது அந்த டிப்ளோமாவுக்குப் போட்டதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அன்று காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா கடைக்காரர் கட்டியதை முழுக்கக் கழற்றினார். கண்ணாடியைக் கிணற்றடியில் கழுவினார், உடுத்திருந்த சாரத்தால் துடைத்தார், முகம் பார்த்தார், திருப்தியானார். சான்றிதழை உள்ளே வைத்தார். மட்டையை எறிந்துவிட்டு, பழைய தோணிப் பலகை ஒன்றைச் சீவிப் பின்னால் இறக்கினார். சுற்றிவரப் பஞ்சுத் திரியை அடித்தார். குங்கிலியத்தைக் காய்ச்சி, கோழி இறகால் மூன்று பூச்சுப் பூசினார்.

குங்கிலியம் காய்கிற மணம் எனக்கு அதுவரை தோணி மணமாகத்தான் இருந்தது. அன்று வீட்டுக்குள் அடைபட்டுச் செத்தவீட்டு மணமாகிவிட்டது. நான் போய் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "என்னடா விசரா, காலுக்கை நிண்டு?" என்று முழங்கையால் இடித்தாள். இடி உயிரோடுதான் இருந்தது.

டிப்ளோமா சுவருக்கு ஏறியது, செத்துப்போன அம்மாவின் தங்கைக்குப் பக்கத்தில். அம்மா சுவாமி கும்பிட்டுவிட்டுக் கையில் மிச்சமிருந்த சந்தனத்தை மற்றவர்களுக்கு வைத்ததுபோல அக்காவின் நெற்றிக்கும் கண்ணாடிமேல் வைத்தாள். மீந்த செவ்வரத்தம்பூ மாலையையும் சட்டத்தின் மூலையில் கொழுவினாள். எல்லாம் சந்தோஷத்தில் செய்தது. நான் சுவாமி அறைக்குள் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். மாரிக் குளிர் வயிற்றில் பிடித்துவிட்டது என்று ஓமவாட்டர் தந்தார்கள்.

அயலெல்லாம் பார்க்க வந்தது. அப்பா ஒவ்வொருவருக்கும் சட்டத்தைக் கழற்றி, பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் டிப்ளோமாவின் முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. பலகையைத் தடவி, திரியை அழுத்தி, "நல்லாய் இறங்கியிருக்கு" என்றார்கள். "உதைக் கடலிலை விட்டால் வேதாரணியம் மட்டும் நனையாமல் போகும்" என்றார் அப்பா. எனக்கு அன்றிரவு கண்ணை மூடினால் அக்கா கண்ணாடிக்குள் மல்லாந்து படுத்தபடி வேதாரணியம் போய்க்கொண்டிருந்தாள்.

பிறகு வந்த வாரங்களில் நான் அக்காவைக் காவல் காத்தேன். கிணற்றடிக்குப் போனால் பின்னால் போவேன். வாளியைக் கப்பியில் இறக்கும்போது பாவாடையைப் பிடிப்பேன். கடற்கரைக்குப் போக விடமாட்டேன், அங்கே பேய் நிற்கிறது என்பேன். மத்தியானம் அவள் படுத்தால் அவள் கால் பெருவிரலில் தங்கூசியைக் கட்டி, மற்ற நுனியை என் விரலில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் கிடப்பேன். தங்கூசி என்றால் மீன் பிடிக்கிற நைலோன் நூல். மீன் கொத்தினால் எப்படித் தெரியுமோ அப்படி, உயிர் போனால் தெரியும் என்று எண்ணம். ஒரு நாள் அவள் நித்திரையில் காலை உதைத்தாள். நூல் என் விரலை வெட்டி இரத்தம் வந்தது. நான் சந்தோஷத்தில் அழுதேன்.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்த கூட்டாளிக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவன் நன்றாக யோசித்துவிட்டு, முகம் மங்கத் தொடங்கினால்தான் பயப்பட வேண்டும், அதுவரைக்கும் பிரச்சினை இல்லை என்றான். அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அந்த வயதில் கூட்டாளி சொன்னால் வைத்தியர் சொன்னதுபோல. இன்றைக்கும் நான் மருந்து விஷயத்தில் அவனிடம்தான் கேட்கிறேன்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலை, கதிரையில் ஏறி அக்காவின் முகத்தைப் பார்ப்பது. சில நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் கண்ணாடியின் உள்பக்கத்தில் பனிமூட்டம்போலப் புகார் படிந்திருந்தது. விரலால் துடைத்தேன். போகவில்லை, உள்ளே இருந்தது. அடுத்த நாள் அக்காவின் வாய்க்குக் கிட்ட, சின்னச் சின்னத் துளிகளாக வியர்த்திருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா உள்ளே மூச்சு விடுகிறாள். காற்றுப் போக வழி இல்லை. மூச்சு முட்டுகிறது.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். "அப்பா, அக்கா கண்ணாடிக்குள்ளை மூச்சு விடுறா. எல்லாம் நனைஞ்சு கிடக்கு."

அப்பா வலையை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். "இஞ்சாரும், உவன் சொல்லுறதைக் கேளும்" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா சிரித்தாள். அக்காவும் குசினிக்குள்ளிருந்து சிரித்தாள். அவளுடைய உயிரைப் பற்றித்தான் கதைக்கிறோம் என்று தெரியாமல் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தாள். அன்று தொடக்கம் அந்த வீட்டில் எனக்கு "மூச்சு" என்று பட்டம் வைத்தார்கள். ஒருவராவது எழுந்து போய்ச் சுவரைப் பார்த்திருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். நான் கண்டது சரி, சொன்ன காரணம்தான் பிழை. காரணம் பிழைத்துப்போனதால் கண்டதையும் எறிந்துவிட்டார்கள். இந்த வயதில் நாங்களும் பிள்ளைகளுக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், இல்லை என்று சொல்லாதீர்கள்.

தை பிறந்ததும் அக்காவுக்கு ஆசிரிய வேலைக்கு நேர்முகப் பரீட்சை என்று கடிதம் வந்தது. அக்கா அதை எல்லாருக்கும் உரத்து வாசித்தாள். திகதி, நேரம், இடம் எல்லாம் வாசித்து, கடைசி வரியில் நின்றுவிட்டாள். சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராதவர்கள் பரீட்சிக்கப்படமாட்டார்கள்.

எல்லாரும் சுவரைப் பார்த்தோம்.

அந்த வேலை எங்களுக்கு என்ன என்று சொன்னால்தான் விளங்கும். கடலில் வள்ளம் விடுவது சண்டையால் அந்த நாட்களில் நாளுக்கு ஒரு விதமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் போகலாம், ஒரு நாள் போகக்கூடாது, போனவர்களில் சிலர் திரும்பவில்லை. மாதம் முடிய வருகிற ஒரு சம்பளம் அந்த வீட்டுக்குள் நுழைய இருந்த ஒரே வாசல் அக்காதான். அவள் அதை வாயால் சொன்னதில்லை. நேர்முகப் பரீட்சைக்கு உடுக்கவென்று ஒரு சேலையை மடித்துத் தலையணைக்குக் கீழ் வைத்து, ஒவ்வொரு இரவும் அதன் மடிப்பின்மேல் படுத்தாள்.

அப்பா சட்டத்தைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுவந்தார். உளியை எடுத்தார். உளி இறங்கவில்லை. அவருடைய வேலை அவருக்கே வழி விடவில்லை. தட்டினார், நெம்பினார், பலகை முனகியது, பஞ்சு அசையவில்லை. சிரட்டை நெருப்பு மூட்டி, குங்கிலியம் இளகும் என்று ஓரத்தைச் சூடு காட்டினார். இளகி எண்ணெய் வடிந்தது. உள்ளே கடதாசிப் பக்கமும் வடிகிறதோ என்று அம்மா கத்தினாள். அப்பா சட்டத்தைச் சட்டென்று தூக்க, ஒரு மூலையில் கண்ணாடி வெடித்தது.

அப்போதுதான் அவர் முன்பக்கத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அத்தனை வாரமாகப் பின்பக்கத்தையே காட்டித் திரிந்தவர். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. கடதாசியின் ஓரங்களில் பூஞ்சணம் பூத்திருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மூச்சு" என்று அவர் என்னைக் கூப்பிடவில்லை.

கடைசியில் பின்பலகையை உடைத்துத்தான் எடுத்தார். கடதாசியைக் கண்ணாடியிலிருந்து மெல்ல மெல்ல உரித்தார். கையெழுத்துகள் வந்தன. எழுத்து வந்தது. படம் இருந்த ஓரத்தில் வந்து சிக்கி நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். கடதாசி வந்தது, முகம் வரவில்லை.

அக்காவின் முகம் கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தது. கடதாசியில் முகம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் "அக்கா செத்துப்போட்டா, அக்கா செத்துப்போட்டா" என்று கத்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினேன். கோழிகளும் என்னோடு ஓடின. வேலிக்கு மேலால் அயல் எட்டிப் பார்த்தது. யாரோ ஒருவர் உண்மையாகவே செத்தவீடு என்று நினைத்து விசாரிக்க வந்துவிட்டார். இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, வாசற்படியில் அசையாமல் இருந்த அக்காவில் மோதினேன். மோதியதும் இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்தேன். மூக்கு, கன்னம், கண் எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

அதுவரைக்கும் அழாமல் இருந்தவள் என் கைக்குள்ளேயே அழத் தொடங்கினாள்.

அப்பா சவர அலகை எடுத்துவந்து, படத்தின் மூலையைக் கண்ணாடியிலிருந்து கிளப்பப் பார்த்தார். மூலை பொருக்காகக் கிளம்பியது.

"விடுங்கோ, அப்பா" என்றாள் அக்கா. "இனித் தொடாதையுங்கோ."

அப்பா அலகை மண்ணில் வைத்தார். பெரிய மனிதர் அவர், புயலில் சுக்கான் பிடித்தவர். கைகளை முழங்காலில் போட்டுக்கொண்டு அந்த முற்றத்தில் குந்தியிருந்த இருப்பை நான் ஒருவருக்கும் பகிடியாகச் சொன்னதில்லை.

நேர்முகப் பரீட்சைக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். என்னை ஏன் கொண்டுபோனார்கள் என்றால், நான் அக்காவின் கையை விடவில்லை. கழற்றிப் பார்த்தார்கள், முடியவில்லை. அக்கா முகமில்லாத கடதாசியை ஒரு மட்டைக் கோவைக்குள் வைத்திருந்தாள். அப்பா கண்ணாடியைத் தன் சால்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பஸ் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அவர் கண்ணாடியோடு இருக்கையை விட்டு எழும்பி எழும்பி இருந்தார். யாரோ கேட்டதற்கு, உள்ளே இருப்பது மகள் என்று சொன்னார். கேட்டவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போனார்.

கல்விக் கந்தோரில் நீள மர வாங்குகளில், வேலைக்கு வந்த பெட்டைகள் வரிசையாக இருந்தார்கள். எல்லாரிடமும் முகத்தோடு கூடிய சான்றிதழ்கள். அக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் தொங்கிக்கொண்டு போனேன். அப்பா வாசலில் நின்றார்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மெலிந்தவர், சட்டைப் பைக்குள் இரண்டு பேனை. சான்றிதழைப் பிரித்தார். வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். படம் இல்லாத சான்றிதழ் யாருடையது என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அக்கா ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். அமைதியாகக் கேட்டபடியால் அவளுக்கு வாய் வரவில்லை. அதிகாரி கடதாசியை மடித்து அவள் பக்கம் தள்ளினார். அடுத்த பெயரைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்பா கூப்பிடாமலே உள்ளே வந்தார். சால்வையைப் பிரித்தார். கடதாசியை மேசையில் விரித்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, வள்ளத்தைக் கரைக்கு அணைக்கிறதுபோல இரண்டு விரலால் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் தள்ளினார். வெள்ளைச் சதுரத்தின் மேல் முகம் போய் இருந்தது. படத்தில் இருந்த பாதி முத்திரையும் கடதாசியில் இருந்த பாதி முத்திரையும் சந்தித்து முழு வட்டமாகின.

அதிகாரி குனிந்து நெடுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "உதை ஆர் இப்பிடிக் கட்டினது?" என்றார்.

"நான்தான், ஐயா" என்றார் அப்பா. "கலப்பற்றுப் போட்டனான். ஒரு சொட்டு உள்ளுக்கை போகேல்லை."

"வெளித்தண்ணி உள்ளை போகேல்லைத்தான். உள்ளை கிடந்த தண்ணி எங்கை போறது?"

அப்பா கண்ணாடியை ஒரு முறை பார்த்தார். கிணற்றடியில் கழுவிய கண்ணாடியும், தூறிய மழையும், ஈரச் சாரமும் அந்த நேரத்தில்தான் அவருக்குள் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். சால்வையை மடித்துத் தோளில் போட்டார்.

அதிகாரி பேனையை எடுத்து, கோவையில் ஏதோ எழுதினார். பிறகு அக்காவைப் பார்த்து, படித்த இடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் இன்னொரு பிரதி தந்திருப்பார்கள், இவ்வளவு பாடு தேவையில்லையே, பிள்ளை, என்றார். அக்கா தலையாட்டினாள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. டிப்ளோமா உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அந்த வகையில் அன்று அந்த அறையில் நான் ஒருவன் மட்டும் முட்டாள் இல்லை.

பிறகு அவர் அக்காவிடம் கேள்விகள் கேட்டார். அவள் பதில் சொன்னாள். முதலில் மெல்ல, பிறகு வீட்டில் கதைக்கிற வேகத்தில். நான் அவள் கையை விட்டுவிட்டு, மேசையின் விளிம்பால் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்த அக்கா வாய் திறக்கவில்லை. வெளியே இருந்த அக்கா நிறுத்தவில்லை.

திரும்பி வரும்போது பஸ் அந்தப் படம் கட்டும் கடையைக் கடந்து போனது. அப்பா மற்றப் பக்கம் பார்த்தார். புதுப் பிரதி வந்தால் பெட்டிக்குள்தான் வைப்பேன் என்று அக்கா சொன்னாள். "ஓம்" என்றார் அப்பா. இந்த "ஓம்" உண்மையான ஓம்.

ஆனால் கண்ணாடியை அவர் எறியவில்லை. வெடித்த மூலையை அரத்தால் தேய்த்து, பழைய ஆணியிலேயே தங்கூசியால் கட்டித் தொங்கவிட்டார். சட்டமும் இல்லை, பின்னால் பலகையும் இல்லை. முகத்தைச் சுற்றி வெறும் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. காற்று நன்றாகப் போய்வந்தது. பிறகு சண்டை கிட்ட வந்து, ஊரைவிட்டு எல்லாரும் ஓடிய நாளில் அது அங்கேயே தொங்கியது, செத்தவர்கள் நாலு பேரோடும். பெட்டிக்குள் இருந்த புதுப் பிரதியை அக்கா மார்போடு கட்டிக்கொண்டு வந்தாள்.

அக்கா சாகவில்லை. அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. கரவெட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தொடங்கி, அங்கேயே ஓய்வு பெற்று, இப்போது பென்சன் எடுத்துக்கொண்டு, கைபேசியில் என்னை "மூச்சு" என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள். அப்பாதான் செத்தார், இடம்பெயர்ந்திருந்த வீட்டில், காய்ச்சலில். அவருடைய அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தோம். கடலில் நனைந்து நனைந்து முகம் அழிந்துபோயிருந்தது. கண்ணாடிக்குள் போடுவதற்கு எங்களிடம் அவருடைய படம் ஒன்றும் இருக்கவில்லை.